சீனி வருத்தத்துக்கும் எடை குறைக்கவும் மருந்து எடுக்கும் பெண்கள் பிள்ளைக்குத் தயாராவது எப்படி?

பிள்ளை பெறும் வயதிலுள்ள ஒரு பெண்ணுக்குச் சீனி வருத்தத்துக்கோ எடை குறையவோ மருந்து எழுதும்போது, பல இடங்களில் கேட்கப்படாமலே போகும் கேள்வி ஒன்று உண்டு: "கிட்டடியில் பிள்ளை பெறும் யோசனை இருக்கிறதா?" டொக்டருக்கு நேரமில்லை, வெளியே நம்பர் துண்டோடு ஆட்கள் காத்திருக்கிறார்கள். நமக்கும் அதைப் பற்றிப் பேசக் கூச்சம். ஆனால் இந்த மருந்துகளில் சில, கரு தங்கும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. அதே மருந்துகளில் பலவற்றைக் கரு தங்கும் நேரத்தில் எடுக்கக்கூடாது. அதனால் முதல் குளிசைக்கும் முதல் ஊசிக்கும் முன்பே பிள்ளை பற்றிய முடிவை எடுத்துவிட வேண்டும்.

கொழும்பில் இந்த மருந்துகளை இப்போதுதான் தொடங்கிய, அல்லது தொடங்கப் போகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள். டொக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள், அது போதும்.

சூலகத்துக்கும் சீனிக்கும் என்ன தொடர்பு?

எடை கூடும்போது, குறிப்பாக இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேரும்போது, உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்காது. அதை ஈடுகட்ட உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. இரத்தத்தில் கூடிப்போன அந்த இன்சுலின் சூலகத்தைத் தூண்டி, ஆண் ஹோர்மோன்களைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. அப்போது முட்டை முதிர்ந்து வெளிவருவது தடைப்படும். மாதவிடாய் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்று தள்ளிப்போகும். முகத்தில் முடி, அடங்காத பருக்கள், கழுத்துப் பின்புறம் கறுப்பது எல்லாம் கூடவே வரலாம். பிசிஓஎஸ் என்று டொக்டர்மார் சொல்லும் நிலையில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

இதற்கு மருந்து எடுத்து இன்சுலின் இறங்கினாலோ, உடம்பின் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலோ, பல பெண்களுக்கு முட்டை மறுபடி வெளிவரத் தொடங்கும். 80 கிலோ இருப்பவருக்கு அது 4 முதல் 8 கிலோ. மெலிந்து முடியும்வரை அது காத்திருப்பதில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முட்டை வெளிவந்து ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குப் பிறகுதான் மாதவிடாய் வரும். ஆகவே ஐந்து மாதமாக மாதவிடாயே வராத பெண்ணுக்கு, அது திரும்பி வரும் முன்பே கரு தங்கிவிடலாம். "எனக்கு ஒழுங்காக வருவதே இல்லை, எங்கே பிள்ளை தங்கப் போகிறது" என்று நினைத்துக்கொண்டு கருத்தடை இல்லாமல் எடை குறைக்கும் ஊசி போடுபவர்கள் அகப்படுவது இங்கேதான். அந்த ஊசிகளில் ஒன்றான ஒசெம்பிக்கின் பெயரால் ஒசெம்பிக் பேபி என்று உலகம் முழுக்கப் பேசப்படும் குழந்தைகளில் பலர் இப்படி வந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் வேலை: எல்லா மருந்தையும் மேசையில் எடுத்து வையுங்கள்

அரசாங்க கிளினிக்கில் குளிசை பெரும்பாலும் சின்னக் கடதாசி உறையில் வரும். மேலே பெயரும் வேளையும் பேனாவால் அவசரமாகக் கிறுக்கியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் டப்பாவில் கொட்டிவிட்டு உறையை எறிந்துவிடுவோம். அடுத்த முறை வேறு டொக்டர் "என்ன மருந்து எடுக்கிறீர்கள்?" என்று கேட்டால், "வெள்ளைக் குளிசை ஒன்று, நீளமானது ஒன்று" என்பதுதான் பதில். உறைகளை எறியாதீர்கள். ஒவ்வொன்றையும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். ஃப்ரிட்ஜில் ஊசிப் பேனா இருந்தால் அதன் பெட்டியையும் படம் எடுங்கள். பெட்டியில் பிராண்ட் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்தான் முக்கியம். இரண்டு டொக்டர்கள் வேறு வேறு பிராண்டில் ஒரே மருந்தை எழுதியிருப்பதும் அப்போதுதான் தெரியவரும்.

மெட்ஃபோர்மின்தான் இவற்றில் மிகப் பழையது. மாதவிடாயை ஒழுங்காக்கி முட்டை வெளிவர உதவக்கூடியது. கருத்தரிக்க முயலும்போதும் கர்ப்ப காலத்திலும் டொக்டரின் பார்வையில் தொடரலாம். நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும்தான், ஆனால் பல காலமாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பழகிய மருந்து. முதல் வாரங்களில் வயிறு கலக்கினால் சாப்பாட்டோடு எடுங்கள், குறைந்த அளவில் தொடங்கலாமா என்றும் கேளுங்கள். வருடக்கணக்காக எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையக்கூடும், அதைச் சோதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

கிளிக்ளசைட், சிட்டாக்ளிப்டின், பியோக்ளிட்டசோன் போன்ற குளிசைகளைப் பிள்ளைக்கு முயலும் முன்பே மாற்றிவிடுவது வழக்கம். பெரும்பாலும் அந்த இடத்துக்கு இன்சுலின் வரும். இவற்றில் பியோக்ளிட்டசோனும் மெட்ஃபோர்மினைப் போல முட்டை வெளிவருவதை மீட்கக்கூடியது.

எம்பாக்லிஃப்ளோசின், டாபாக்லிஃப்ளோசின் இரண்டும் சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றுபவை. விலங்கு ஆய்வுகளில் வளரும் குட்டியின் சிறுநீரகத்தைப் பாதித்ததால் இவற்றைக் கர்ப்பத்தில் கொடுப்பதில்லை. விரதம் பிடிக்கும் வீடுகளுக்கு இன்னொரு சேதி: இந்த வகைக் குளிசையோடு நீண்ட நேரம் பட்டினி கிடந்தால், சீனி பெரிதாக ஏறாமலே இரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. கந்த சஷ்டி என்றாலும் நோன்பு என்றாலும் தொடங்கும் முன் டொக்டரிடம் கேளுங்கள்.

அடுத்தது ஊசிகள். செமாக்ளுடைட் ஊசி ஒசெம்பிக், வெகோவி என்ற பெயர்களில் வருகிறது, குளிசையாக வந்தால் ரைபெல்சஸ். டிர்செபடைட் மவுஞ்சாரோ என்று வரும். லிராக்ளுடைட் தினமும் போடுவது. இவை பசியைக் குறைத்து, இரைப்பை காலியாவதை மெதுவாக்கி வேலை செய்கின்றன. கர்ப்பிணி விலங்குகளுக்குக் கொடுத்தபோது குட்டிகளின் வளர்ச்சி குன்றியது. மனிதரில் இதுவரை வந்த தகவல்கள் அந்த அளவுக்குப் பயமுறுத்தவில்லை என்றாலும், கர்ப்பத்தில் பாதுகாப்பானது என்று சொல்ல அவை போதாது. அதனால் எல்லாவற்றையும் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள்.

எடை குறைக்கும் குளிசைகளில் டோபிராமேட் கலந்தது ஏதாவது உங்களிடம் இருந்தால் உடனே டொக்டரிடம் சொல்லுங்கள். ஆரம்ப மாதங்களில் அது பிள்ளைக்கு உதட்டுப் பிளவை ஏற்படுத்தக்கூடும். கருத்தடைக் குளிசையின் வலுவையும் குறைக்கும். ஓர்லிஸ்டாட் சாப்பாட்டிலுள்ள கொழுப்பை உறிஞ்சவிடாமல் தடுப்பது, கூடவே ஏ, டி, ஈ, கே விற்றமின்களும் வெளியே போய்விடும்.

சீனிக்கு எழுதாத மருந்துகளையும் மறக்க வேண்டாம். சீனி வருத்தக்காரருக்குப் பிரஷருக்கென்று எனலாப்ரிலோ லோசார்டனோ, கொலஸ்ட்ரோலுக்கு அட்டோர்வாஸ்டாடினோ கூடவே எழுதப்பட்டிருக்கும். கர்ப்பத்துக்கு முன் இவற்றையும் நிறுத்தவோ மாற்றவோ வேண்டும். பட்டியலில் அதிகமாகத் தவறிப்போவது இவைதான் என்பது என் எண்ணம், ஏனென்றால் யாரும் இவற்றைப் பிள்ளையோடு சேர்த்து யோசிப்பதில்லை.

இரண்டாவது: பிள்ளை இப்போது வேண்டாம் என்றால்

ஊசி தொடங்கும் நாளிலேயே கருத்தடையும் தொடங்கியிருக்க வேண்டும். மித்துரி போன்ற கருத்தடைக் குளிசை எடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

டிர்செபடைட் இரைப்பையை மெதுவாக்குவதால் கருத்தடைக் குளிசை உடம்பில் சேரும் அளவு குறைகிறது. அதனால் ஊசி தொடங்கிய பிறகு 4 வாரமும், அளவு கூட்டும் ஒவ்வொரு முறைக்குப் பிறகு 4 வாரமும் ஆணுறையும் சேர்த்துப் பாவிக்கச் சொல்கிறார்கள். இப்போது கணக்குப் பாருங்கள். இந்த ஊசி 2.5 மில்லிகிராமில் தொடங்கி, குறைந்தது நான்கு வாரத்துக்கு ஒருமுறை 2.5 வீதம் ஏறுவது. மாதாமாதம் கூட்டிக்கொண்டு போனால், அளவு ஓரிடத்தில் நிற்கும்வரை குளிசையை மட்டும் நம்பக்கூடிய மாதம் ஒன்றுமே இல்லை. இதை விட லூப்போ, கையில் வைக்கும் ஜடெலோ, டெப்போ என்ற கருத்தடை ஊசியோ நிம்மதி, அவை இரைப்பை வழியாகப் போவதில்லை. பிள்ளைக்குக் கிட்டடியில் முயலப் போகிறவர்களுக்கு டெப்போ அவ்வளவு உகந்ததல்ல. நிறுத்தினாலும் முட்டை திரும்ப வர மாதங்கள் ஆகலாம்.

செமாக்ளுடைட்டுக்கு இந்தக் குறைபாடு காணப்படவில்லை. ஆனாலும் எந்த ஊசியானாலும், கருத்தடைக் குளிசை விழுங்கி 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்தக் குளிசை சேரவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கடும் வயிற்றோட்டம் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலும் அப்படித்தான். முதல் வாரங்களில் குமட்டலும் வாந்தியும் சாதாரணம் என்பதால் இது அடிக்கடி நடக்கக்கூடியது.

மூன்றாவது: பிள்ளை வேண்டும் என்றால் நாளை எண்ணுங்கள்

செமாக்ளுடைட் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கும். முழுதாகக் கழிய ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். எனவே கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட்டுக்கு 1 மாதம். லிராக்ளுடைட் சீக்கிரம் கழிந்துவிடும், அதையும் முயற்சி தொடங்கும் முன்பே நிறுத்த வேண்டும். கருத்தடையை விடுவது இந்த இடைவெளி முடிந்த பிறகுதான், ஊசியை நிறுத்திய அன்றைக்கு அல்ல.

கலியாணத்துக்கு மெலிய வேண்டும் என்று ஊசி போடும் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆவணியில் கலியாணம் என்றால், தாலி கட்டும் வாரம்வரை ஊசி போட்டுவிட்டு, ஐப்பசியில் "விசேஷம் ஏதும் உண்டோ?" என்று மாமியார் கேட்கும்போது பதைக்கிறார்கள். உடனே பிள்ளை வேண்டும் என்று இருவரும் நினைத்திருந்தால் கடைசி ஊசி ஆனி தொடக்கத்தில் இருக்க வேண்டும். அது முடியாதென்றால் கலியாணத்துக்குப் பிறகு இரண்டு மாதம் கருத்தடையோடு இருங்கள். அந்த இரண்டு மாதம் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய விஷயமும் அல்ல. உண்மையில் பருமனே இல்லாத பெண் ஒரு சாறி பிளவுசுக்காக இந்த ஊசியைப் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தேவையான அளவு சாப்பிடாமல் வேகமாக மெலிந்தால் மாதவிடாய் நின்றுபோகவும் கூடும்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஊசியை நிறுத்துவது அவ்வளவு லேசான காரியம் இல்லை. நிறுத்தியதும் பசி திரும்பும், எடையும் சீனியும் ஏறும். கர்ப்பத்தின் முதல் வாரங்களில் ஏறிய சீனி பிள்ளைக்குச் செய்யும் கேடு மிக மோசமானது. ஆகவே நிறுத்தும் நாளும் அதற்குப் பதில் மருந்து தொடங்கும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரும்பாலும் மெட்ஃபோர்மினும் இன்சுலினும் தருவார்கள். இன்சுலின் என்றதும் "வருத்தம் முற்றிவிட்டது" என்று வீட்டில் அழுகை தொடங்கும். அழ வேண்டாம். பிள்ளைக்கு வழக்கமான இன்சுலின்கள் பாதுகாப்பானவை, பிள்ளை பிறந்ததும் பலர் பழைய மருந்துக்கே திரும்புகிறார்கள்.

நான்காவது: முயலும் முன் பார்க்க வேண்டிய சோதனைகள்

கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தச் சோதனை 6.5 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்ல இலக்கு. 10க்கு மேல் இருந்தால் அது இறங்கும்வரை கருத்தரிக்கவே வேண்டாம் என்பார்கள். காரணம் இதுதான்: பிள்ளையின் முள்ளந்தண்டும் மூளையும் உருவாகும் குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. இதயமும் அந்த வாரங்களில்தான் உருப்பெறுகிறது. மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரம் கழித்து நீங்கள் சோதித்துப் பார்க்கும்போது அந்தக் கட்டம் முடிந்திருக்கும்.

இதே காரணத்துக்காகத்தான் ஃபோலிக் அமிலத்தையும் முன்பே தொடங்க வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு வழமையான அளவு போதாது. கருத்தரிக்கும் முன்பிருந்து 12 வாரம்வரை தினம் 5 மில்லிகிராம் கொடுப்பது வழக்கம். உங்கள் பகுதி குடும்பநல மிஸி புதுமணத் தம்பதியருக்கு ஃபோலிக் அமிலக் குளிசை இலவசமாகத் தருவார். அவரிடம் "எனக்குச் சீனி இருக்கு மிஸி" என்று சொல்லிவிடுங்கள், அளவை டொக்டரிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், தைரொய்ட், பிரஷர் இவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கண் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பத்தில் விழித்திரைப் பாதிப்பு வேகமாகக் கூடலாம், சீனியைச் சடுதியாக இறக்கும்போதும் அப்படி நடப்பதுண்டு.

கொழும்பில் எங்கே போவது?

மாநகர எல்லைக்குள் இருப்பவர்களுக்கு மாநகரசபையின் தாய் சேய் கிளினிக்குகள் உண்டு, மற்றவர்களுக்கு அந்தந்தப் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம். கருத்தடை, ஃபோலிக் அமிலம், முதல் ஆலோசனை எல்லாம் அங்கேயே இலவசம். சீனியைக் கட்டுப்படுத்த அரசாங்க ஆஸ்பத்திரி நீரிழிவு கிளினிக்குக்குக் கடிதம் வாங்கிப் போகலாம். பிள்ளைப்பேறு சார்ந்தவற்றுக்கு டி சொய்சா மகளிர் ஆஸ்பத்திரியும் பொரளைப் பக்கம் காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. தனியாரில் சனல் பண்ணுபவர்கள் சீனி டொக்டரையும் பெண்நோயியல் டொக்டரையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ஒருவர் எழுதியதை மற்றவருக்குக் காட்டுவது உங்கள் பொறுப்பாகத்தான் வந்து விழும். கிளினிக் கொப்பி, ரிப்போர்ட், ஃபோனில் எடுத்த மருந்துப் படங்கள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

உள்ளே போனதும் உட்காரும் முன்பே சொல்லுங்கள்: "டொக்டர், நாங்கள் அடுத்த வருஷம் பிள்ளைக்குப் பார்க்க இருக்கிறம். இந்த மருந்திலே எதை விட வேணும், எப்ப விட வேணும், அதுக்குப் பதிலா என்ன?" மூன்று கேள்விக்கும் பதில் கிடைக்காமல் எழும்பாதீர்கள். சிங்களத்தில் பேசத் தயக்கம் என்றால் மருந்துப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு போங்கள், பாதி வேலை முடிந்தமாதிரி.

ஊசி வாங்கும் இடம்

டுபாயிலிருந்து பெட்டியில் வந்தது, ஃபேஸ்புக்கில் மலிவாகக் கிடைத்தது, சலூன் அக்கா போட்டுவிடுகிறார் என்றால் வேண்டாம். போலி செமாக்ளுடைட் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விட்டது. பேனாவுக்குள் வேறு மருந்தோ, அளவு தெரியாத இன்சுலினோ இருந்தால் உங்களுக்கும் தெரியாது, பிறகு பார்க்கும் டொக்டருக்கும் தெரியாது. டொக்டரின் சீட்டோடு, பதிவு பெற்ற பாமசியில், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவான மருந்தாகப் பார்த்து வாங்குங்கள். திறக்காத பேனா 2 முதல் 8 பாகையில் இருக்க வேண்டியது. கொழும்பு வெயிலில் பஸ்ஸில் கொண்டுவருவதென்றால் ஐஸ் பையில் வையுங்கள், ஃப்ரீசருக்குள் மட்டும் போடாதீர்கள்.

ஊசி போடும்போதே பிள்ளை தங்கிவிட்டால்

பதற வேண்டாம். அடுத்த ஊசியைப் போடாதீர்கள், அன்றைக்கே டொக்டரைக் கூப்பிடுங்கள். மெட்ஃபோர்மினையும் இன்சுலினையும் நீங்களாக விடாதீர்கள். ஃபோலிக் அமிலம் எடுக்காதிருந்தால் உடனே தொடங்குங்கள். நோர்டிக் நாடுகள், அமெரிக்கா, இஸ்ரேல் ஆகியவற்றின் பதிவுகளை வைத்து 2023 இறுதியில் வெளியான ஆய்வில், சீனி வருத்தமுள்ள பெண்கள் கருத்தரிக்கும் நேரத்தில் இந்த வகை ஊசி எடுத்திருந்தபோது, இன்சுலின் எடுத்தவர்களை விடப் பிள்ளைகளுக்குப் பெரிய குறைபாடுகள் கூடுதலாகக் காணப்படவில்லை. ஊசி போட்டுவிட்டோமே என்ற பயத்தில் மட்டும் பிள்ளையைக் கலைக்க யோசிக்காதீர்கள். நாட்களைச் சரியாகச் சொல்லி, ஸ்கேன் தேதிகளைத் தவறவிடாமல் போங்கள்.

பிள்ளை தங்கத் தாமதமானால்

35 வயதுக்குக் கீழ் ஒரு வருடம், அதற்கு மேல் ஆறு மாதம் முயன்று பார்க்கலாம் என்பது பொதுவான கணக்கு. மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள் அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு முட்டை வெளிவர முதலில் கொடுப்பது பெரும்பாலும் லெட்ரோசோல் என்ற குளிசை, மெட்ஃபோர்மின் அதற்குத் துணை. குழாய்க் குழந்தைச் சிகிச்சைக்கு முட்டை எடுக்கும் நாளில் மயக்க மருந்து கொடுப்பார்கள். கிட்டடியில் இந்த ஊசி போட்டிருந்தால் இரைப்பையில் சாப்பாடு தங்கியிருக்கலாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. மயக்க மருந்து டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கணவரின் விந்துச் சோதனையையும் ஆரம்பத்திலேயே செய்யுங்கள். பெண்ணுக்கு ஸ்கேன், இரத்தம், கருக்குழாய்ச் சோதனை என்று எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஆணின் பக்கம் திரும்பும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. ஆணின் சோதனை மிக எளியது, வலி இல்லாதது. அவருக்கும் சீனி இருந்தால் அதுவும் விந்தைப் பாதிக்கும். மருமகள் குண்டு என்பதால்தான் பிள்ளை இல்லை என்று, ஒரு சோதனையும் செய்யாமல் தீர்ப்புச் சொல்லும் ஆட்களுக்கு அந்த ரிப்போர்ட்டே பதில் சொல்லும்.

பிள்ளை பிறந்த பிறகு

பால் கொடுக்கும்போது இன்சுலினும் மெட்ஃபோர்மினும் எடுக்கலாம். செமாக்ளுடைட், டிர்செபடைட் ஊசிகளைப் பால் நிறுத்தும்வரை தள்ளிவையுங்கள், ரைபெல்சஸ் குளிசையையும்தான். பால் கொடுக்கும் மாதங்களில் பசி அதிகம், எடை குறையவில்லையே என்று சுற்றியிருப்பவர்கள் சொன்னாலும் அவசரப்பட வேண்டாம். கர்ப்பத்தில் மட்டும் சீனி வந்தவர்கள் பிரசவம் முடிந்து 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி சீனி பார்க்க வேண்டும். பிள்ளையின் தடுப்பூசிக்கு கிளினிக் போகும் நாளிலேயே அதற்கும் நாள் கேட்டு வாங்கிவிடுங்கள், அடுத்த கருத்தடை பற்றியும் அன்றைக்கே மிஸியிடம் பேசலாம்.